கைத்தொலைபேசியின் நுண்செயலி: போட்டியும் பொது அடித்தளமும்

இன்று நம் கையிலும் பையிலும் இருக்கும் கைத்தொலைபேசி பேசுதற்கு மட்டும் உரிய கருவியன்று. அது கடிதம் கொண்டு செல்கின்றது, படம் பிடிக்கின்றது, வழி காட்டுகின்றது, வங்கிக் கணக்கையும் பார்த்துக் கொடுக்கின்றது. இத்தொழில்கள் அனைத்தையும் நடாத்துவது அதனுள்ளே விரல் நகத்தளவினதாய் அமைந்த ஒரு சிலிக்கன் துண்டேயாகும். அதனைச் 'சிப்' எனப் பொதுவாக வழங்குவர். அதன் கணிக்கும் உறுப்பைப் பாடநூல்கள் நுண்முறைவழியாக்கி என்று கூறும். ஈண்டு நாம் நுண்செயலி என்னும் சுருங்கிய பெயரையே ஆளுகின்றோம்.

இந்நுண்செயலிகளை ஆக்கி விற்கும் கம்பனிகளிடையே நெடுங்காலமாகக் கடும் போட்டி நிலவி வருகின்றது. செய்தித்தாள்கள் இதனை ஒரு குதிரைப் பந்தயம் போலக் காட்டும். இவ்வாண்டு இவர் முந்தினார், அவர் பிந்தினார் என்று எழுதும். அங்ஙனம் பார்ப்பதால் உண்மை முழுவதும் விளங்காது. இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாலன்றி இப்போட்டியின் இயல்பு புலப்படாது. உலகில் மிக்க வலிமை படைத்திருந்த கம்பனிகள் இத்துறையில் தோற்றது ஏன்? வென்றவர்கள் எதன்மேல் நின்று வென்றனர்? இவ்விரு வினாக்களையும் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலுவும் வெப்பமும்

நுண்செயலி என்பது கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் கூடிய ஒரு சுற்று. ஒவ்வொரு திரான்சிற்றரும் திறந்து மூடும் ஆளியைப் போன்றது. இத்தகைய சுற்றுத் தொழிற்படும்போது செலவாகும் வலு, பெரும்பாலும் மூன்று கணியங்களைப் பொறுத்தது: சுற்றின் கொள்ளளவம், வோல்ற்றளவின் வர்க்கம், மீடிறன் என்பன அவை. இம்மூன்றின் பெருக்கத்துக்கு வலு விகிதசமமாகும். வோல்ற்றளவு வர்க்கமாக வருவதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். வோல்ற்றளவைப் பாதியாகக் குறைத்தால் வலுச் செலவு காற்பங்காகும். மீடிறனைக் கூட்டி வேகத்தைப் பெருக்க விரும்பினாலோ வோல்ற்றளவையும் உயர்த்த நேரிடும். ஆகவே வேகம் இருமடங்காகும்போது செலவு இருமடங்கோடு நில்லாது.

மேசைக் கணினிக்கு இஃது ஒரு பெருங்குறையன்று. சுவரிலிருந்து மின் வருகின்றது. விசிறி வெப்பத்தை அகற்றுகின்றது. நுண்செயலி அறுபது உவாற்று, நூறு உவாற்று என உண்டாலும் கேட்பாரில்லை. கைத்தொலைபேசிக்கோ விசிறியில்லை. மெல்லிய மின்கலம் ஒன்றே அதன் உணவு. சில உவாற்றுக்கு மேல் தொடர்ந்து செலவிடின் கருவி கையைச் சுடும்; மின்கலமும் விரைவில் ஒழியும். எனவே இவ்வுலகில் 'எத்துணை வேகம்?' என்ற கேள்விக்கு முன்னர் 'எத்துணைச் சிக்கனம்?' என்ற கேள்வி எழுகின்றது. 2011ஆம் ஆண்டில் பெரிய கருக்களையும் சிறிய கருக்களையும் ஒரே சிப்பில் அமைத்து, கடும் வேலைக்குப் பெரியதையும் இலகு வேலைக்குச் சிறியதையும் இயக்கும் முறை அறிவிக்கப்பட்டது. இன்றைய கைத்தொலைபேசிகள் பல இம்முறையையே தழுவியுள்ளன.

கேம்பிரிட்ஜில் முளைத்த வித்து

சிக்கனத்தை முதற்கண் கற்றவர்கள் அதனைக் கைத்தொலைபேசிக்காகக் கற்றவர்களல்லர் என்பது வியப்புக்குரியது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்வித் திட்டத்துக்கு 1981ஆம் ஆண்டில் கணினி செய்தளித்த ஏக்கோர்ண் என்னும் கேம்பிரிட்ஜ்க் கம்பனி, தன் அடுத்த கணினிக்கு ஏற்ற நுண்செயலியைச் சந்தையிற் காணாது, தானே ஒன்றை ஆக்க 1983ஆம் ஆண்டில் முற்பட்டது. அறிவுறுத்தற் தொகுதியை வகுத்தவர் சோபி வில்சன். சுற்றமைப்பை வகுத்தவர் ஸ்ரீவ் பேர்பர். ஆளணியும் பணமும் குறைந்தவர்களாதலின், எளிய அறிவுறுத்தல்கள் சிலவற்றை மட்டும் கொண்டு விரைந்து இயங்கும் அமைப்பையே அவர்கள் தெரிந்தெடுத்தனர். மலிவான பிளாத்திக்கு உறையில் அடைக்கத்தக்கதாய் அது வெப்பம் குறைந்திருத்தலும் வேண்டப்பட்டது.

1985 ஏப்ரில் 26ஆம் நாள் அச்சிப் முதன்முறை இயங்கியது. அதில் ஏறக்குறைய 25,000 திரான்சிற்றர்களே இருந்தன. அதே ஆண்டில் இன்ரெல் வெளியிட்ட 80386 என்னும் நுண்செயலியில் 275,000 திரான்சிற்றர்கள் இருந்தன. அம்முதற் சிப்பின் மின்னோட்டத்தை அளக்க முயன்றபோது அம்பியர்மானி பூச்சியத்தைக் காட்டிற்று. ஆராய்ந்து பார்க்கையில், வலு வழங்கும் கம்பி இணைக்கப்படவேயில்லை என்பது தெரிந்தது. ஏனைய கம்பிகளின் வழியே கசிந்து வந்த சிறு மின்னைக் கொண்டே சிப் இயங்கிக் கொண்டிருந்ததாம். இந்நிகழ்ச்சியைப் பேர்பர் அவர்களே பின்னாளிற் கூறியுள்ளார்.

1990 நவம்பரில் ஏக்கோர்ண், அப்பிள், வீ. எல். எஸ். ஐ. ரெக்னோலொஜி ஆகிய மூன்றும் கூடி ஆர்ம் என்னும் தனிக் கம்பனியை நிறுவின. பன்னிரண்டு பொறியியலாளர்களோடு, கேம்பிரிட்ஜுக்கு அண்மையில் உள்ள ஒரு கிராமத்தில், முன்னர் வான்கோழி வளர்த்த கொட்டில் ஒன்றைத் திருத்தியமைத்த கட்டிடத்தில் அது தன் பணியை நடாத்தியது. றொபின் சாக்ஸ்பி அதன் முதற் தலைமை அதிகாரியாயினார். அக்கம்பனி தானாகச் சிப் எதனையும் செய்து விற்க முற்படவில்லை. வீட்டுக்கு வரைபடம் கீறிக் கொடுத்துக் கூலி பெறும் சிற்பியைப் போல, வடிவமைப்பைப் பிறருக்கு உரிமமாக வழங்கி, தொடக்கத்தில் ஒரு தொகையும் பின்னர் விற்பனையாகும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சிறு பங்கும் பெற்றது. 1993ஆம் ஆண்டில் ரெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் அவ்வுரிமத்தைப் பெற்றது. அவ்வழியே ஆர்ம் நுண்செயலி நொக்கியாவின் 6110 என்னும் தொலைபேசியுட் புகுந்தது; அத்தொலைபேசி உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையாயிற்று.

இம்முறையின் விளைவு யாதெனில், ஒன்றோடொன்று போரிடும் கம்பனிகள் யாவும் ஒரே மொழியைப் பேசும் நுண்செயலிகளைச் செய்யலாயின. ஒருவருக்கென எழுதிய மென்பொருள் பெரும்பாலும் மற்றவருக்கும் பயன்பட்டது. பகைவர்கள் பலராயினும் நிலம் ஒன்றேயாயிற்று.

வலியவர் தோற்ற கதை

இனி, முதல் வினாவுக்கு வருவோம். மேசைக் கணினி உலகில் இன்ரெல் கம்பனிக்கு நிகரில்லாத காலம் ஒன்றிருந்தது. அதனிடம் ஆர்ம் முறையில் அமைந்த நுண்செயலிகளும் இருந்தன. டிஜிற்றல் கம்பனியோடு 1997இல் செய்த உடன்பாட்டினால் ஸ்ற்றோங்ஆர்ம் என்னும் நுண்செயலி அதன் கைக்கு வந்தது. எக்ஸ்கேல் என்ற பெயரில் அதன் வழித்தோன்றல்களையும் அது வெளியிட்டது. ஆயின் 2006ஆம் ஆண்டில் அத்துறையை 600 மில்லியன் டொலருக்கு மார்வெல் என்னும் கம்பனிக்கு விற்றுவிட்டது. ஓராண்டு கழியுமுன், 2007 யனவரியில், அப்பிள் தன் ஐபோனை அறிவித்தது. அதனுள் இருந்தது சம்சுங் செய்தளித்த ஆர்ம் நுண்செயலி. அவ்வாய்ப்பு முதலில் தமக்கு வந்ததென்றும், அப்பிள் தர விரும்பிய விலை தம் கணிப்பிலான செலவினும் குறைவாயிருந்தமையால் விட்டுவிட்டதாகவும், அக்கணிப்பே பிழையாயிற்றென்றும், விற்பனை எவரும் எண்ணியதினும் பன்மடங்காயிற்றென்றும் அக்காலை இன்ரெலின் தலைவராயிருந்த போல் ஒற்றலினி 2013ஆம் ஆண்டில் பதவி விலகும் வேளையிற் கூறினார்.

பின்னர் இன்ரெல் வாளாவிருக்கவில்லை. தன் சொந்த அறிவுறுத்தற் தொகுதியைக் கொண்ட அற்றம் என்னும் நுண்செயலிகளைத் தொலைபேசிக்கு ஏற்றவாறு சுருக்கியது. 2012ஆம் ஆண்டில் அத்தகைய தொலைபேசிகள் கடைக்கு வந்தன. அவை இழிந்தனவல்ல; வேகத்திலும் மின்கலச் சிக்கனத்திலும் ஏனையவற்றோடு ஒப்ப நின்றன. ஆயினும் மென்பொருள் எழுதுவோர் அனைவரும் ஆர்ம் நிலத்திற் குடியேறியிருந்தனர். தொலைபேசி செய்வோரைத் தன்பால் ஈர்க்க இன்ரெல் பணத்தை வாரி வழங்கிற்று. 2014ஆம் ஆண்டில் மட்டும் அத்துறையில் ஏற்பட்ட நட்டம் 4 பில்லியன் டொலருக்கு மேலாயிற்று. உலகின் தலைசிறந்த ஆலைகளை உடைய அக்கம்பனி, தன் மலிவுத் தொலைபேசிச் சிப் ஒன்றைத் தாய்வானில் உள்ள பிறர் ஆலையிற் செய்விக்கவும் நேர்ந்தது. 2016 ஏப்ரிலில் அற்றம் தொலைபேசிச் சிப்புகளுக்கான திட்டங்களை அது கைவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது, இன்ரெல் அறிவின்மையால் தோற்றதன்று என்பதே. விலையுயர்ந்த சிப்புகளால் வரும் பெரும் இலாபம் கண்ணை மறைத்தது. மலிவான சிப் அற்பமாகத் தோன்றியது. அற்பமெனத் தோன்றிய அதுவே பின்னர் பெருஞ்சந்தையாயிற்று.

வானொலியின் வல்லமை

கணிக்கும் திறன் மட்டும் தொலைபேசிக்குப் போதாது. கோபுரத்தோடு பேசும் மோடெம் என்னும் உறுப்பும் வேண்டும். அலைவரிசைகள் பல, நாடுகள் பல, வலையமைப்புகள் பல. அனைத்திலும் பிழையின்றி இயங்கும் மோடெம் செய்வது நுண்செயலி செய்வதினும் அரிது. 1985ஆம் ஆண்டில் சன் டியேகோ நகரில் தோன்றிய குவால்கொம் கம்பனி இத்துறையையே தன் உயிராகக் கொண்டது. மோடெத்தையும் நுண்செயலியையும் ஒரே சிப்பில் இணைத்துக் கொடுத்தமையால், தொலைபேசி செய்வோர்க்கு இடமும் செலவும் மின்னும் மிஞ்சின.

இவ்வல்லமை இல்லாதார் ஒருவர்பின் ஒருவராக அகன்றனர். நொக்கியாவுக்குச் சிப் வழங்கிய ரெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் 2012இல் தொலைபேசித் துறையிலிருந்து விலகத் தலைப்பட்டது. புரோட்கொம் 2014இல் மோடெத் தொழிலை விட்டது. என்விடியா 2011இல் ஒரு மோடெம் கம்பனியை வாங்கியும் 2015இல் அம்முயற்சியை முடித்துக்கொண்டது. இவற்றுள் எதுவும் எளிய கம்பனியன்று. என்விடியா இன்று வேறொரு துறையில் உலகப் புகழ் பெற்றுள்ளதை யாவரும் அறிவர்.

குவால்கொம் தன் காப்புரிமைகளுக்குத் தொலைபேசியின் விலையைப் பொறுத்துப் பங்கு கேட்பது. இது நீதியன்றென அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழுவும் அப்பிளும் 2017ஆம் ஆண்டில் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. ஆணைக்குழு கீழ் நீதிமன்றில் 2019இல் வென்றது. மேன்முறையீட்டில் 2020இல் குவால்கொம் வென்றது. அப்பிள் 2019 ஏப்ரிலில் சமாதானமாயிற்று. அன்றைய தினமே இன்ரெல் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசி மோடெத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே அப்பிள் இன்ரெலின் அப்பகுதியை 1 பில்லியன் டொலருக்கு வாங்கியது. செல்வத்திற் குறைவில்லாத அப்பிள் தன் சொந்த மோடெத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது 2025 பெப்ரவரியிலேயேயாம். வாதத்தால் முடியாததை வேலையாற் செய்து முடிக்க அதற்கு ஐந்தாண்டுக்கு மேற் சென்றது.

இருவேறு நெறிகள்

வென்றவர்களுள்ளும் நெறி ஒன்றன்று. தாய்வானின் சின்சு நகரில் 1997இல் தோன்றிய மீடியாரெக், சிப்போடு தொலைபேசி ஒன்றை முழுவதுமாக அமைக்கும் வரைபடத்தையும் மென்பொருளையும் சேர்த்தே விற்றது. அதனால் பொறியியலாளர் சிலரே உள்ள சிறு கம்பனிகளும் தொலைபேசி செய்யத் தொடங்கின. மலிவுத் தொலைபேசி பெருகியதற்கு இஃது ஒரு முதற்காரணம். 2020ஆம் ஆண்டின் மூன்றாங் காலாண்டில், எண்ணிக்கையளவில் குவால்கொமையும் மீடியாரெக் முந்தியது.

அப்பிளின் நெறி இதற்கு நேர்மாறானது. 2008இல் பீ. ஏ. செமி என்னும் சிறு கம்பனியை 278 மில்லியன் டொலருக்கு வாங்கி, 2010இல் ஏ4 என்னும் சிப்பையும், 2013இல் தொலைபேசிக்குரிய முதல் 64 பிற் நுண்செயலியாகிய ஏ7ஐயும் வெளியிட்டது. அது தன் சிப்பை எவருக்கும் விற்பதில்லை. தன் கருவிகளுக்கே வைத்துக்கொள்கின்றது. 2020 நவம்பரில் தன் மேசை, மடிக் கணினிகளிலும் இன்ரெலை நீக்கித் தன் ஆர்ம் நுண்செயலியைப் புகுத்தத் தொடங்கியது. சிறு கருவிக்காகக் கற்ற சிக்கனம் பெருங் கருவியையும் வென்றது.

அடியில் நிற்பவர்

இரண்டாம் வினா எஞ்சியுள்ளது: வென்றவர்கள் எதன்மேல் நிற்கின்றனர்? அப்பிளுக்கும் குவால்கொமுக்கும் மீடியாரெக்குக்கும் சொந்த ஆலை இல்லை. அவர்கள் வரைகின்றனர்; பிறர் செய்கின்றனர். பிறர் வரைந்ததை மட்டுமே செய்து கொடுப்பதெனவும், அவர்களோடு போட்டியிடுவதில்லையெனவும் உறுதி கொண்டு, 1987ஆம் ஆண்டில் மொறிஸ் சாங் தாய்வானில் நிறுவிய குறைகடத்தி உற்பத்திக் கம்பனியே இவர்களின் பொது ஆலை. ரி. எஸ். எம். சி. என அதனை வழங்குவர். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் இம்மூவரும் வெளியிட்ட மிகவுயர்ந்த தொலைபேசிச் சிப்புகள் யாவும் அங்கேயே செய்யப்பட்டன. அப்பிள் 2023இல் வெளியிட்ட ஏ17 புரோ என்னும் சிப்பில் 19 பில்லியன் திரான்சிற்றர்கள் உள. சம்சுங் தன் ஆலையைக் கொண்டு போட்டியிடுகின்றது. ஆயினும் 2022இல் குவால்கொம் தன் உயர்தரச் சிப்பைச் சம்சுங் ஆலையிலிருந்து தாய்வானுக்கு மாற்றியபோது, வலுச் சிக்கனம் தெளிவாக உயர்ந்தது.

இத்தகைய ஆலைகள் பெருகாமைக்குக் காரணம் செலவே. ஆலை ஒன்றுக்குப் பல பில்லியன் டொலர் வேண்டும். குளோபல்பவுண்ட்றீஸ் என்னும் பெரிய கம்பனி 2018இல் இவ்வோட்டத்திலிருந்து தானாகவே விலகிற்று. அவ்வாலைகளும் தனித்து நிற்பனவல்ல. மிக நுண்ணிய கோடுகளைச் சிலிக்கனிற் பதிக்க 13.5 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதாக்கடந்த ஒளி வேண்டும். ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 50,000 தடவை விழும் உருகிய வெள்ளீயத் துளிகளை இலேசர்க் கதிரால் அடித்து அவ்வொளியை உண்டாக்குகின்றனர். வளியும் அதனை உறிஞ்சிவிடுமாதலால் எல்லாம் வெற்றிடத்திலேயே நிகழும். இவ்வொளியைக் கொண்டு சிப் பதிக்கும் பொறியைச் செய்து விற்கும் கம்பனி உலகில் ஒன்றே. அஃது ஒல்லாந்து நாட்டின் வெல்ற்கோவன் நகரில் உள்ள ஏ. எஸ். எம். எல். ஆகும். அதற்குரிய கண்ணாடிகள் ஜேர்மனியின் சைஸ் கம்பனியிலிருந்து வருகின்றன.

தோற்காது வீழ்ந்தவர்

இவ்வடித்தளத்தின் வலிமையையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டுவது சீனாவின் ஹுவாவே கம்பனியின் வரலாறு. அதன் கிளையாகிய ஹைசிலிக்கன் 2004இல் தோன்றி, கிரின் என்னும் சிப்புகளை வகுத்தது. 2020இன் இரண்டாங் காலாண்டில் உலகில் மிகுதியான தொலைபேசி விற்ற கம்பனி ஹுவாவேயே. அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த கிரின் 9000, காலத்தின் முன்னணிச் சிப்புகளுள் ஒன்று. ஆயின் அது வெளிவருமுன்னரே அதன் ஊற்று அடைக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் எந்த ஆலையும் அனுமதியின்றி ஹுவாவேக்குச் சிப் செய்தல் கூடாதென 2020 மே மாதத்தில் அமெரிக்க அரசு விதித்த விதியினால், அவ்வாண்டு செப்ரெம்பர் நடுப்பகுதியோடு தாய்வான் ஆலை வழங்கலை நிறுத்தியது. சந்தையில் எவரும் ஹைசிலிக்கனைத் தோற்கடிக்கவில்லை. கால் ஊன்றிய நிலமே விலகிற்று. 2023 ஓகத்தில் சீன ஆலையிற் செய்த சிப்போடு ஹுவாவே மீண்டும் வந்தது. அச்சிப் உயர்ந்த ஆலைகளின் முறைக்குச் சில ஆண்டுகள் பிற்பட்ட முறையிற் செய்யப்பட்டதாகும்.

நிலத்துக்கு உரியவரும் குடிகளும் மாறுபடுதலும் உண்டு. குவால்கொம் 2021இல் நூவியா என்னும் கம்பனியை வாங்கி, அதன் வடிவமைப்பைத் தன் சிப்புகளிற் புகுத்தியபோது, உரிமம் மீறப்பட்டதென ஆர்ம் 2022இல் வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் யூரர் பெரும்பாலும் குவால்கொம் பக்கமே தீர்ப்பளித்தனர். இதற்கிடையில், 2010இல் கலிபோர்னியாவின் பேர்க்ளி பல்கலைக்கழகத்திற் தோன்றிய றிஸ்க்-ஐந்து என்னும் அறிவுறுத்தற் தொகுதி எவரும் உரிமப் பணமின்றி ஆளத்தக்கதாய் வளர்ந்து வருகின்றது.

முடிவுரை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கடையிற் காணும் போட்டி முழுப்போட்டியன்று என்பது தெளிவாகும். மேலே பலர் மோதுகின்றனர். அடியில் மொழி ஒன்று, ஆலை ஏறக்குறைய ஒன்று, பொறி ஒன்றே. போட்டியுள்ள இடத்தில் விலை குறைந்தது, தரம் உயர்ந்தது, ஏழை கையிலும் தொலைபேசி வந்தது. போட்டியில்லாத இடத்தில் ஒரு வழக்கோ, ஓர் அரசின் ஆணையோ உலகச் சந்தையையே அசைக்க வல்லதாயிற்று. நுண்செயலி ஒன்றைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் பேசும்போது, அதனை வரைந்தவர் யார், செய்தவர் யார், செய்யும் பொறியைக் கொடுத்தவர் யார் என்று மூன்று முறை வினாவுதல் அறிவுடைமை.

மாணவர்களுக்கு மேலும் ஒன்று கூறி அமைவோம். இப்பெரும் தொழிலின் வேர் ஆளும் பணமும் குறைந்த இருவரின் முயற்சியில் இருந்தது. அவர்களிடம் பெரிய ஆலை இருந்ததில்லை. வலு, வோல்ற்றளவு, கொள்ளளவம் என நாம் வகுப்பறையிற் கற்கும் அடிப்படைகளில் தெளிவு இருந்தது. அத்தெளிவுக்கு உரிமக் கட்டணமில்லை. அதனை ஆணையிட்டுத் தடுப்பாருமில்லை.